குனியப் பயந்தவன்

வலியைப் பற்றி எழுதினால் படிக்கிறவருக்கும் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் என்று இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். போன வாரம் பென்ஷனர் கூட்டத்தில் பெல்ட் கட்டிக்கொண்டு நாலு பேர் விறைப்பாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

2022 பொங்கலுக்கு முதல் நாள் அரிசி மூட்டையை நகர்த்தினேன். இடுப்பில் பிடித்துக்கொண்டது. பத்து நாளில் போய்விடும் என்றார்கள். போகவில்லை. மூன்று மாதம் தாண்டினால் அதற்கு நாள்பட்ட வலி என்று பெயராம். ஸ்கேன் எடுத்ததில் எல்-4, எல்-5 நடுவே டிஸ்க் பிதுக்கம், தேய்மானம் என்று வந்தது. அதைப் பார்த்த ஒருவர், "இனிமே குனியாதீங்க, வெயிட் தூக்காதீங்க" என்றார். முப்பத்தெட்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். உத்தரவு வந்தால் விளக்கம் கேட்டுப் பழக்கமில்லை.

குனிவதை விட்டேன். தரையில் உட்காருவதை விட்டேன். சாயங்காலம் பெரிய கோயில் வரை நடப்பதை விட்டேன். கீழே விழுந்த மூக்குக் கண்ணாடியை எடுக்க மனைவியைக் கூப்பிடுவேன். அவளுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. எடுத்துக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவாள். கடைசியில் பஸ், ரயில் எல்லாவற்றையும் விட்டேன்.

2023 ஐப்பசியில் காரைக்காலில் என் அக்கா படுத்த படுக்கையானாள். "தம்பி, ஒருதடவை வந்துட்டுப் போயேன்" என்று இரண்டு முறை போன் பண்ணினாள். "இடுப்பு இருக்கிற இருப்புல எப்படிக்கா? அடுத்த வாரம் பார்க்கிறேன்" என்றேன். அடுத்த வாரம் கார் வைத்துக்கொண்டு போனேன், காரியத்துக்கு. அன்றைக்கு இடுப்பு வலித்ததா என்று எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் மருமகள் பிடிவாதமாக ஒரு மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவுக்கு அழைத்துப்போனாள். அங்கே இருந்த பெண்ணுக்கு என் பேத்தி வயது. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்றாள். "பென்ஷன்காரனுக்கு என்னம்மா ஆக்குபேஷன்?" என்று கேட்டேன். "காலையில எழுந்ததுலேர்ந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் நீங்க செய்யறதெல்லாம் ஆக்குபேஷன்தான் சார்" என்றாள். நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் 'ஸொக்யுப்பே' என்றால் ஒன்றைக் கவனித்துக்கொள்வது, பொறுப்பேற்றுப் பார்ப்பது. வீட்டில் எதையும் பொறுப்பேற்றுப் பார்க்காமல் இரண்டு வருஷம் போயிருந்தது.

வலி பத்துக்கு எத்தனை என்று அவள் முதலில் கேட்கவில்லை. "வலிக்குப் பயந்து எதையெல்லாம் நிறுத்திட்டீங்க?" என்று கேட்டாள். அடுத்த அறையிலிருந்த மனநல ஆலோசகரோ, "குனிஞ்சா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?" என்றார். டிஸ்க் வெளியே வந்து கால் விழுந்துவிடும் என்றேன். எனக்குக் கோபமும் வந்தது. அப்படியானால் என் வலி மனப்பிரமையா? "வலி நிஜம் சார். ரேடியோவுல சத்தத்தைக் கூட்டற திருகு மாதிரி பயம்" என்றார்.

ஸ்கேனைப் பற்றியும் அவரே சொன்னார். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம், எண்பது வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம். தலை நரைப்பது மாதிரிதான் போலிருக்கிறது. ஆனால் ஒன்று: காலில் பலம் குறைந்தாலோ, மலஜலம் கட்டுப்பாடு இழந்தாலோ, காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு இருந்தாலோ, விழுந்து அடிபட்டிருந்தாலோ உடனே டாக்டரிடம் போய்விட வேண்டும். அந்த மாதிரி எதுவும் எனக்கு இல்லை என்று பார்த்த பிறகுதான் பயிற்சியே ஆரம்பித்தது.

பயிற்சி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பித்தளைச் செம்பு. முதல் வாரம் அதை முக்காலியிலிருந்து எடுக்க வேண்டும். பிறகு மணைப்பலகையிலிருந்து. பிறகு தரையிலிருந்து. ஒவ்வொரு தடவையும், எடுக்கும் முன் பயம் பத்துக்கு எத்தனை, எடுத்தபின் என்ன ஆயிற்று என்று நோட்டில் எழுத வேண்டும். ஆபீஸ் தன்பதிவேடு மாதிரி கட்டம் போட்டு எழுதினேன்; அதில் மட்டும் என்னை யாரும் மிஞ்ச முடியாது! நடையும் இப்படித்தான். வலி வரும்வரை நடக்கக்கூடாது, கடிகாரம் சொல்லும்வரைதான் நடக்க வேண்டும். நல்ல நாள் என்று அரை மணி நடந்துவிட்டு மறுநாள் படுத்துக்கொள்வதுதான் பெரிய தப்பாம். எட்டு நிமிஷத்தில் ஆரம்பித்தேன்.

எங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மா குறுவை நடவுக்குப் போகிறவர். நான் செம்போடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துச் சிரித்தார். "உங்களுக்கு இடுப்பு வலிக்காதா?" என்றேன். "ஒடிஞ்சு போவுங்கய்யா. படுத்துட்டா கூலி யாரு குடுப்பா?" என்றார். நாள் முழுக்கக் குனிந்து பின்னாலேயே நகர்ந்து நடுகிறவர்களின் வலிக்கு நோட்டும் இல்லை, ஆலோசகரும் இல்லை. தைலமும் மாத்திரையும்தான். என் சௌகரியத்தை நினைத்துக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

பாரிசில் இருக்கும் சித்தி மகனிடம் இதைச் சொன்னபோது, முதுகுவலிக்குச் சரியான வைத்தியம் அசைவுதான் என்று அங்கே அரசு மருத்துவக் காப்பீட்டுக்காரர்கள் 2017-லேயே டி.வி.யில் விளம்பரம் செய்தார்கள் என்றான். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் உடற்பயிற்சி, மனநல சிகிச்சை எல்லாம் இருக்கின்றன. இடுப்பு பெல்ட்டையும், பாரம் கட்டி இழுக்கிற சிகிச்சையையும் வேண்டாம் என்கிறது. பென்ஷனர் கூட்டத்தில் இதைச் சொன்னேன். ஒருவரும் பெல்ட்டைக் கழற்றவில்லை.

தெரபிஸ்ட் பெண் என்னிடம் ஒரு குறிக்கோள் கேட்டிருந்தாள். அக்காவின் தலைதிவசம் என்றேன். போன ஐப்பசியில் தஞ்சாவூரில் ரயில் ஏறினோம். இருபது நிமிஷத்துக்கு ஒருதடவை எழுந்து நின்றேன். நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர். ஜன்னலோரம் சம்பா பச்சை. நாகப்பட்டினம் வந்தபோது இடுப்பு நன்றாகவே வலித்தது. மனைவி, "ஏங்க, முடியுதா?" என்றாள். முடிகிறது என்றேன்.

அக்கா வீட்டில் மருமகன் நாற்காலி கொண்டுவந்து போட்டான். வேண்டாம் என்று படத்துக்கு எதிரே மணையில் உட்கார்ந்தேன். எழுந்திருக்கும்போது அவன் கை கொடுக்க வேண்டியிருந்தது. அன்றிரவு நோட்டில் எழுதியது: வலி 5, பயம் 1. 'என்ன ஆயிற்று' என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று தெரியாமல் காலியாகவே விட்டுவிட்டேன்.