லொறிக் கூரையில் ஒரு தொன் ஐஸ்

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், நியூயோர்க் நகருக்கு அயலிலுள்ள நியூ ஜேர்ஸி மாநிலத்தில் தொடங்கும் 80ஆம் இலக்க நெடுஞ்சாலை, நாட்டைக் குறுக்கே கடந்து சான் பிரான்சிஸ்கோ வரை செல்கின்றது. டெலவெயார் ஆற்றைத் தாண்டியதும் பென்சில்வேனியா மாநிலம். அப்பால் பொக்கோனோ மலைப் பிரதேசம். குளிர்காலத்தில் இவ்வழியே குடும்பத்தோடு காரில் போகிறவர்கள், முன்னால் செல்லும் நீண்ட லொறிக்குத் தாராளமாக இடைவெளி விடுவது நல்லது. அஞ்ச வேண்டியது லொறிக்கல்ல, அதன் கூரையில் கிடக்கும் பனிக்கு.

பனிதானே, பஞ்சு போன்றதுதானே என்று எண்ணிவிடாதீர்கள் சகோதரிகளே! அங்கு ஓடும் லொறிகளின் பின்னால் இழுபடும் சரக்குப் பெட்டி பொதுவாக 53 அடி நீளமும் எட்டரை அடி அகலமும் உடையது. நிலத்திலிருந்து கூரை பதின்மூன்றரை அடி உயரம். இப்பெட்டிகள் சில வேளை நாட்கணக்கில் வெட்டவெளியில் நிற்கும். கூரையில் விழுந்த பனி பகலில் சிறிது உருகி, இரவில் மீண்டும் உறைந்து, பலகை போல இறுகிவிடுகின்றது. ஒரு அங்குலத் தடிப்பில் கூரை முழுவதும் ஐஸ் படிந்தால் அதன் எடை ஏறத்தாழ ஒரு தொன்! லொறி மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது காற்று அடியிலே புகுந்து அதைக் கிளப்பி எறிகின்றது.

1996இல் நியூ ஹம்ப்ஷயர் மாநிலத்தில், ஒரு லொறியிலிருந்து பறந்த 9 அடி நீள ஐஸ் பலகை மற்றொரு லொறியைத் தாக்கியது. தாக்குண்ட லொறி நிலைதவறி எதிரே வந்த காரில் மோத, 20 வயது யுவதி ஒருவர் உயிரிழந்தார். பனியை அகற்றாது வாகனம் செலுத்துவோரைத் தண்டிக்கும் சட்டம் அங்கு 2001இல் வந்தது. பென்சில்வேனியாவில் 2005 கிறிஸ்மஸ் தினத்தன்று, லொறியிலிருந்து வந்த ஐஸ் காரின் முன்கண்ணாடியை உடைத்து ஒரு பெண்ணின் உயிரைப் பறித்தது. பனி ஓய்ந்து 24 மணித்தியாலங்களுக்குள் வாகனத்தைத் துப்புரவு செய்ய வேண்டும் என்ற சட்டம் அம்மாநிலத்தில் நிறைவேற 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நியூ ஜேர்ஸியிலோ 2010 முதல், ஐஸ் விழாவிட்டாலும் அகற்றாமல் ஓட்டினாலே தண்டப்பணம்.

சட்டம் நியாயமானதே. ஆனால் அந்தக் கூரையில் ஏறுவது யார்?

பெட்டியின் கூரை மனிதர் நடப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. மெல்லிய அலுமினியத் தகடு, அல்லது வெளிச்சம் ஊடுருவும் பைபர் கிளாஸ். அதைத் தாங்கும் சட்டங்கள் எங்கே இருக்கின்றன என்பது பனிக்கடியில் தெரியாது. பற்றிக்கொள்ளக் கைப்பிடி இல்லை. காலடியில் வழுக்கும் ஐஸ். ஏணியைச் சாத்தி, தும்புத்தடியோடு ஏறும் சாரதி பதின்மூன்றரை அடி உயரத்திலிருந்து விழுந்தால் என்ன ஆகும்? தெருவில் போகும் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுவதற்காக இன்னொரு குடும்பத்தின் தலைவனைப் பலியிடுவது தீர்வாகுமா?

இதற்கு நல்ல வழிகள் இல்லாமலில்லை. வாயில் போல் நிற்கும் இரும்புச் சட்டத்தில் தகடு அல்லது சுழலும் தூரிகை பொருத்தி, கூரையின் உயரத்திற்கு இறக்கி வைக்கிறார்கள். லொறி அதனடியில் மெதுவாகச் சென்றால் பனி வழித்துத் தள்ளப்படும். ஜெர்மனியின் நெடுஞ்சாலைத் தரிப்பிடங்கள் சிலவற்றில் படிக்கட்டும் கைப்பிடிக் கம்பியும் கொண்ட மேடைகள் உள்ளன. சாரதி கூரையில் கால் வைக்காமல், மேடையில் நின்றபடியே நீண்ட தடியால் தள்ளிவிடலாம். பனி விழும் பக்கத்தில் எவரும் நிற்கலாகாது. தலைக்கு மேலே மின்கம்பி இருக்கின்றதா என்றும் பார்க்க வேண்டும். புதிதாக விழுந்த மென்பனியை உடனே தள்ளுவது இலகு. இறுகி ஒட்டிய ஐஸுக்குத் தூரிகை போதாது. ஆகவே காலம் தாழ்த்தாமையே பாதி வேலை.

இவற்றையெல்லாம் தனியொரு லொறிக்காரர் தன் பணத்தில் அமைத்துக்கொள்ள முடியாது. பெட்டிகளை நிறுத்தி வைக்கும் களஞ்சியங்களும் கம்பனிகளும் தத்தம் வாயிலிலேயே இவ்வசதியைச் செய்து, துப்புரவான பின்னரே லொறியை வெளியே விட வேண்டும். சாரதியின் கையில் ஏணியையும் தண்டப்பணச் சீட்டையும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது பொறுப்பாகாது.

அந்நாடுகளில் வாழும் உறவினர் உங்களுக்கு இருந்தால் ஒன்றை நினைவூட்டுங்கள். இச்சட்டங்கள் காருக்கும் உரியவை. கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டுப் புறப்படாமல், கூரைப் பனியையும் தள்ளிவிட வேண்டும். முன்னால் லொறி சென்றால் இடைவெளி விட்டே செல்ல வேண்டும். காலையில் ஐந்து நிமிடம் முந்தி எழுந்தால் போதும்.