அடைக்கோழியும் கம்பிவலையும்

தமிழ்ச் சங்க மலரொன்றிலே கோழிக்கூட்டைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். ஆயினும், நூலகத்திலிருந்து நான் கற்றவற்றுட் பல நினைவினின்றும் நீங்கிவிட, எங்கள் வீட்டுக் கோடிப்புறத்திலே ஒரு குஞ்சின் உயிரை விலையாகக் கொடுத்துக் கற்ற பாடம் மட்டும் நீங்காதிருக்கின்றது.

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதி அது. எரிபொருள் தட்டுப்பாட்டினால் விரிவுரைகள் இணையவழியாக நடைபெற, நான் வடமராட்சியிலுள்ள எங்கள் வீட்டிற்குத் திரும்பியிருந்தேன். தீவன விலை ஏறியமையால் அயலிற் பலர் கோழி வளர்ப்பைக் கைவிட்டிருந்தனர். அம்மம்மா கைவிடவில்லை. குறுணல், தவிடு, கறையான் என்று கிடைத்ததைப் போட்டுப் பதினொரு பேடுகளையும் ஒரு சேவலையும் காத்துவந்தார். அவற்றின் முட்டை விற்ற பணத்திலேதான் எனது இணையக் கட்டணமும் செலுத்தப்பட்டது. எனவே ஒரு கோழி அடைக்குக் கிடந்தமை எங்கள் வீட்டிலே சிறிய செய்தியன்று.

அடைக்குக் கிடந்தது மண்ணிறப் பேடு. கை வைத்தாற் செட்டையைச் சிலிர்த்துக் கொத்திற்று. இரை தின்னவும் எழ மறுத்தது. அம்மம்மா கடகத்தில் வைக்கோல் பரப்பி, இடிக்குக் காவலென்று ஓர் இரும்புத் துண்டும் கரித்துண்டும் இட்டு, பன்னிரண்டு முட்டைகளை அடைவைத்தார். நானோ புத்தகங்களைப் புரட்டியவனாதலால், அடைக்கோழியை மந்தையிலிருந்து அறவே பிரித்துவிட வேண்டுமென வாதிட்டேன். என் வாதத்திலே நியாயம் இல்லாமலில்லை. பொதுக்கூட்டில் இருந்தால் ஏனைய பேடுகளும் அதே கடகத்தில் முட்டையிடும். பழையதும் புதியதும் கலந்துவிடும். இருபத்தோராம் நாளளவிற் பொரித்த குஞ்சுகளுடன் தாய் எழுந்துபோக, பிந்திய முட்டைகள் கருவோடு வீணாகும். நெரிபாட்டில் முட்டைகள் உடைவதும் உண்டு.

"பிரிக்கத்தான் வேணும், மோனை. ஆனால் தூரக் கொண்டு போகாதை. மற்றதுகள் பாக்கிற இடத்திலை வை" என்றார் அம்மம்மா.

நான் அதனைப் பொருட்படுத்தவில்லை. விறாந்தைக்கு அப்பாலிருந்த விறகு அறையிலே கடகத்தை வைத்துக் கதவைச் சாத்தினேன். ஒன்பது குஞ்சுகள் பொரித்தன. நான்கு வாரம் அவை அவ்வறையிலேயே எவ்விதக் குறையுமின்றி வளர்ந்தன. என் வெற்றியை நானே மெச்சிக்கொண்டு, ஒரு காலைப்பொழுதிலே தாயையும் குஞ்சுகளையும் முற்றத்தில் விட்டேன்.

அதன்பின் நிகழ்ந்தவை நிமிடங்களுக்குள் முடிந்துவிட்டன. ஏழு வாரங்களுக்கு முன் மந்தையிலே இரண்டாம் இடம் வகித்த அந்தப் பேட்டை, ஏனைய கோழிகள் அந்நியக் கோழியாகவே எதிர்கொண்டன. செம்பேடு பாய்ந்தது. தாய் அதனோடு பொருதி நிற்கையில் குஞ்சுகள் நாற்புறமும் சிதறின. நான் ஓடிச் சென்று சேர்வதற்குள் ஒரு குஞ்சு தலையிற் கொத்துண்டு கிணற்றடியிலே வீழ்ந்து கிடந்தது. தாயின் கொண்டையிலிருந்து குருதி வடிந்தது. அம்மம்மா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. இறந்த குஞ்சை எடுத்து வாழையடியிற் புதைத்துவிட்டு, கம்பிவலை கொண்டுவரும்படி மட்டும் பணித்தார்.

கோழிகளிடையே கொத்தும் உரிமை ஒரு படிவரிசையாக அமைந்திருப்பதை நோர்வே நாட்டறிஞர் ஷெல்டெருப்-எபெ 1922இலே விரிவாக எழுதினார். யார் யாரைக் கொத்தலாம் என்பது ஒவ்வொரு கோழிக்கும் தெரியும். தெரிந்தவரையில் அமைதி நிலவும். ஆனால் இவ்வொழுங்கு நாள்தோறும் ஒன்றையொன்று கண்டு பழகுவதாலேயே நிலைபெறுகின்றது. சில வாரம் கண்ணில் படாத கோழி தன் இடத்தை இழக்கின்றது. திரும்பி வருங்கால் அது புதிதாகப் போராட வேண்டும். குஞ்சுகளுடன் வரும் தாய்க்கோ அப்போராட்டத்திற்கு ஓய்வே இல்லை. புத்தகத்தில் நான் படித்திருந்த செய்திதான் இது. விறகு அறையின் கதவைச் சாத்தும்போது அதை நினைத்துப் பார்க்கவில்லை.

அன்று மாலையே பொதுக்கூட்டின் ஒரு மூலையை, நான்கடி நீளமும் மூன்றடி அகலமுமாக, அரை அங்குலக் கண்ணுடைய வலையால் அடைத்தோம். கூடு தரைமட்டத்திலேயே இருக்க வேண்டும். உயரத்தில் வைத்தால் கீழே விழும் குஞ்சு தாயின் சூட்டுக்குத் திரும்ப இயலாது. தண்ணீர்த் தட்டிலே கூழாங்கற்களை இட்டோம், குஞ்சுகள் மூழ்கா. இரையும் வேறாகவே வைத்தோம். முட்டையிடும் கோழிக்கான தீவனத்தில் ஏறத்தாழ 4 வீதம் கல்சியம் உண்டு. குஞ்சுக்கு 1 வீதமளவே போதும். மிகுதியானது அதன் சிறுநீரகத்தைத் தாக்கும். இருள் சூழ்ந்தபின் தாயையும் எட்டுக் குஞ்சுகளையும் உள்ளே விட்டோம்.

மறுநாட் காலை செம்பேடு வலையருகே வந்து கழுத்தை நிமிர்த்தி நின்றது. உள்ளிருந்து தாயும் நிமிர்ந்தது. வலையின் இருபுறமும் சில கொத்துகள். பின் இரண்டும் தத்தம் இரைக்குத் திரும்பின. நாட்செல்லச் செல்லக் கொத்துகள் குறைந்தன. பத்தாம் நாள், ஏனையவை அடையும் நேரத்திற்குச் சற்று முன்னர் வலைக்கதவைத் திறந்தோம். பெருஞ்சண்டை மூளுமுன் இருட்டிவிடும் என்பது அம்மம்மாவின் கணக்கு. வலையின் அடியிலே மூன்றங்குல இடைவெளியும் விட்டோம். துரத்தப்படும் குஞ்சு அதனூடே உள்ளே நுழையும். பெரிய கோழி நுழையாது. எட்டுக் குஞ்சுகளும் தப்பின. அடுத்த அடைக்கு முதல் நாளிலிருந்தே அந்த மூலையைப் பயன்படுத்தினோம். கடகத்து முட்டைகளிற் கரிக்கோடு இடவும் அம்மம்மா கற்றுத்தந்தார்.

விடுதிக்கு மீண்டபின் ஒருநாள் மாலை வழமைபோல் அம்மம்மாவின் தொலைபேசி அழைப்பு வந்தது. எந்தப் பேடு முட்டையிட்டது, யார் வீட்டுப் பசு கன்றீன்றது, கிணற்றுக் கயிறு அறுந்தது: இவையே செய்திகள். முன்னெல்லாம் இவற்றைக் கேட்டுச் சலிப்புற்று, படிக்க வேண்டுமென்று விரைவிலே துண்டித்துவிடுவேன். அன்று அவ்வாறு செய்ய மனம் வரவில்லை. ஆண்டுக்கு இருமுறை மட்டும் வீடு செல்லும் ஒருவன், அங்கே தன் இடத்தை இழந்துவிடாதிருக்க, அந்த முதுமகள் நாள்தோறும் தன் வலைக்கண்ணூடாக முற்றத்தைக் காட்டி வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

"செம்பேடு எப்படியிருக்கு, அம்மம்மா?" என்று கேட்டேன். அவர் விரிவாகச் சொல்லத் தொடங்கினார்.