ஆடுசதை

கும்பகோணத்தில் நான் பிழைதிருத்துபவனாக இருந்த அச்சுக்கூடத்துக்குத் தை பிறப்பதற்கு முன்னரே அடுத்த ஆண்டுப் பஞ்சாங்கத்தின் கைப்பிரதி வந்து சேர்ந்துவிடும். திதி வார நட்சத்திர யோக கரணங்களை நாழிகை பிசகாமல் ஒப்புநோக்கிக் கண் பூத்துப்போயிருக்கும் வேளையில், கடைசிப் பாரத்தில், பல்லி விழும் பலனுக்கும் கனாப் பலனுக்கும் நடுவே அங்கம் துடிக்கும் பலன் என்று ஒரு பக்கம் வரும். உச்சி முதல் உள்ளங்கால் வரை எந்த இடம் துடித்தால் தனலாபம், எது துடித்தால் பந்து விரோதம், எது துடித்தால் வஸ்திர லாபம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டுபோகும் அந்தப் பக்கத்தை நான் வேலையாகக் கருதியதே இல்லை. வெயிலில் நடந்தவன் பந்தலில் சற்று நிற்பதுபோல அங்கே நின்று சிரித்துவிட்டு மேலே செல்வேன். பகுத்தறிவுடையவன் என்ற கர்வம் எனக்கு அக்காலத்தில் நிறைய இருந்தது.

ஆனால் இலக்கியத்தில் அதே நிமித்தம் வரும்போது சிரிப்பு வருவதில்லை. இந்திரவிழாவின் முடிவில் கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடித்ததாக இளங்கோவடிகள் சொல்லும்போதும், அசோகவனத்தில் இடப்புறம் துடிக்கிறதே என்று சீதை திரிசடையிடம் சொல்வதாகக் கம்பன் பாடும்போதும், வரவிருக்கும் செய்தி உடம்புக்கு முன்கூட்டியே எட்டிவிட்டது என்பதை நாம் தடையின்றி ஏற்றுக்கொள்கிறோம். சரீரத்தில் தானாக ஒன்று அசைந்தால் அது யாரோ எழுதிய கடிதம், அதில் நம் பெயர் இருக்கிறது என்னும் எண்ணம் நம் எலும்புவரை ஊறியது. இதை நான் தெரிந்துகொண்டது 1996ஆம் ஆண்டு ஐப்பசியில், மழை பெய்துகொண்டிருந்த ஓர் இரவில், என்னுடைய வலது கெண்டைக்காலில்.

கெண்டைக்காலின் பின்புறச் சதைக்கு ஆடுசதை என்று நம்மவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். அன்றிரவு அது பெயருக்கேற்ப ஆடிற்று. வலியில்லை, அரிப்புமில்லை, தோலுக்கடியில் ஒரு மீன்குஞ்சு புரண்டு அடங்குவதுபோல ஓர் அசைவு, சற்று நேரம் ஓய்ந்து, மறந்தோம் என்று நினைக்கும்போது மறுபடியும் ஒன்று. வேறொரு சமயமாக இருந்தால் காலைச் சொறிந்துகொண்டு தூங்கியிருப்பேன். என் துரதிர்ஷ்டம், அந்த மாதம் என் மேஜையின்மேல் இருந்தது பஞ்சாங்கமன்று. ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கப்பட்ட பெரியதொரு மருத்துவ நூலின் மெய்ப்பு. அதில் நரம்பு மண்டலத்தைப் பற்றிய அத்தியாயத்தை முந்தின நாள்தான் முடித்திருந்தேன்.

இயக்க நரம்பணு நோய் என்று அதில் ஒரு தலைப்பு இருந்தது. தசைகளை ஏவுகிற நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக அழிய, ஏவுவாரற்ற தசைகள் துடித்துத் துடித்து மெலிந்து, கையும் காலும் நாவும் கடைசியில் மூச்சும் ஓய்ந்துபோக, அறிவுமட்டும் பெரும்பாலும் தெளிவாக இருந்து அத்தனையையும் பார்த்துக்கொண்டிருக்கும் நோய் அது. பாரிஸ் நகரத்து சால்பெட்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோ என்ற வைத்திய மேதை 1869இல் அதை விவரித்தார் என்பதையும், ஓர் ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து 2130 பந்தாட்டங்கள் ஆடிய லூ கெரிக் என்னும் அமெரிக்க வீரர் 1939இல் அந்நோய்க்கு ஆளாகி இரண்டே ஆண்டுகளில், 37 வயதில், மறைந்தார் என்பதையும் நான் எழுத்தெழுத்தாகப் படித்திருந்தேன். பிழைதிருத்துபவன் பொருளைப் படிப்பதில்லை, எழுத்தைத்தான் படிக்கிறான் என்று எங்கள் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. அது பொய்.

மறுநாள் காலை அச்சுக்கூடத்துக்குப் போனதும் அந்தத் தாளை மீண்டும் எடுத்தேன். முதல் வாசிப்பில் கண்ணில் படாத ஒரு பத்தி இப்போது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. இந்நோயில் தென்னாட்டில் காணப்படும் ஒரு தனிவகை உண்டென்றும், அதைச் சென்னையைச் சேர்ந்த மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி என்னும் மருத்துவர்கள் 1970இல் எழுதி வெளிப்படுத்தினர் என்றும், அதற்கு உலக வைத்திய நூல்களில் சென்னையின் பெயரே வழங்குகிறதென்றும் அங்கே அச்சாகியிருந்தது. இளவயதில் தொடங்குவது, செவித்திறனைக் குறைப்பது, மெல்லவே முற்றுவது என்று அதன் லக்ஷணங்கள் கூறப்பட்டிருந்தன. எனக்கு அப்போது வயது 49. இளமை போய்ப் பலகாலம் ஆயிற்றே என்ற நியாயமான ஆட்சேபம் என் மனத்தில் தோன்றவே இல்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி முதலில் வலக்காதிலும் பிறகு இடக்காதிலும் வைத்து, எந்தப் பக்கம் டிக்டிக் ஓசை மங்கலாகக் கேட்கிறது என்று பரீட்சை செய்யத் தொடங்கிவிட்டேன். மங்கலாகக் கேட்கவேண்டும் என்று தீர்மானித்துவிட்டவனுக்கு எந்தக் காதும் மங்கலாகத்தான் கேட்கும்.

அதற்குப் பின் இரண்டு மாதம் நான் நடத்திய பரீட்சைகளுக்கு அளவில்லை. விடியற்காலையில் யாரும் எழுமுன் திண்ணையில் நின்று முன்னங்காலால் எம்பிப் பார்ப்பேன். குதிகாலால் நடந்து பார்ப்பேன். தண்ணீர் நிறைந்த பித்தளைக் குடத்தை ஒருமுறை வலக்கையாலும் ஒருமுறை இடக்கையாலும் தூக்கி எடையை ஒப்பிடுவேன். கண்ணாடிமுன் நாக்கை நீட்டி அது நடுங்குகிறதா என்று பார்ப்பேன். நீட்டிய நாக்கு யாருக்கும் நடுங்கும் என்பதும், வைத்தியர்கள் பார்ப்பது வாய்க்குள் ஓய்ந்து கிடக்கும் நாக்கைத்தான் என்பதும் எனக்குப் பிற்பாடே தெரிந்தன. துடிப்போ, ஒரு காலோடு நில்லாமல் இடது தொடைக்கும், புஜத்துக்கும், கட்டைவிரலின் அடிச்சதைக்கும், கண்ணிமைக்கும் யாத்திரை போயிற்று. அது எங்கெல்லாம் போகும் என்று நான் எண்ணினேனோ அங்கெல்லாம் போயிற்று என்று சொல்வதே உண்மைக்கு நெருக்கமானது.

“என்னங்க, நடராஜர் மாதிரி ஒத்தக் கால்ல நிக்கிறீங்க?” என்று ஒருநாள் என் மனைவி கேட்டுவிட்டாள். மறைக்க முடியாமல் பாதி சொன்னேன். அவள் சிறிதும் கலங்கவில்லை. “வலக்கால்தானே? ஆம்பளைக்கு வலப்பக்கம் துடிச்சா நல்லதுதானே? நீங்க திருத்துற புஸ்தகத்துலதானே அது இருக்கு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். எனக்குக் கோபம் வந்தது. அவளுடைய சாஸ்திரம் மூடநம்பிக்கை, என்னுடையது விஞ்ஞானம் என்று நினைத்தேன். துடிப்பு என்றால் அதற்கு ஒரு பலன் இருந்தே தீரவேண்டும் என்ற அஸ்திவாரம் இருவருக்கும் ஒன்றுதான், அவளுடைய பஞ்சாங்கத்திலாவது தனலாபத்துக்கு இடமிருந்தது என்பது அந்தக் கோபத்தில் எனக்குப் புலப்படவில்லை.

ஒரு மாலை தையற்கடையில் என் நண்பரிடம் அங்குல நாடாவை வாங்கி இரண்டு கெண்டைக்கால்களையும் அளந்தேன். வலது பதின்மூன்றரை, இடது பதின்மூன்று. எந்தக் கால் துடித்ததோ அதுவல்லவா மெலிந்திருக்கவேண்டும் என்றுகூட யோசிக்காமல் முகம் வெளுத்து உட்கார்ந்துவிட்டேன். தையற்காரர் கத்தரியை வைத்துவிட்டு, “யாருக்குங்க ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கு? முப்பது வருஷமா அளவெடுக்கிறேன், தோள்பட்டை ரெண்டும் சமமா இருக்கிற மனுஷன் ஒருத்தனும் இந்தக் கடைக்கு வரலை” என்றார். அந்த இரண்டு மாதத்தில் நான் கேட்ட வார்த்தைகளில் மருந்துக்கு நிகராக வேலை செய்தது அதுதான். அன்று மட்டும் நன்றாகத் தூங்கினேன்.

எங்கள் தெரு வைத்தியரோ, காலைத் தட்டிப் பார்த்து, “ஒண்ணுமில்லை, வைட்டமின் மாத்திரை எழுதித் தரேன்” என்றார். அந்த ஒண்ணுமில்லை என்ற சொல்லின் ஆயுளை நான் சரியாகக் கணித்திருக்கிறேன்: அவர் வீட்டு வாசலிலிருந்து மகாமகக் குளத்தின் வடகரைவரை. அதற்குள், அவர் நாக்கைப் பார்க்கவில்லையே என்ற விசாரம் எழுந்துவிட்டது.

ஆகவே தஞ்சாவூரில் ஒரு நரம்பியல் நிபுணரிடம் போனேன். காத்திருக்கும் கூடத்தில் என்னருகே அமர்ந்திருந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். அவருடைய வலக்கையில் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே இருக்கவேண்டிய சதை வற்றிக் குழிவிழுந்திருந்தது. சட்டைப் பொத்தானை மனைவி போட்டுவிட்டார். என்ன உபத்திரவம் என்று நான் கேட்டபோது, நடக்கும்போது இடக்காலில் செருப்பு தங்காமல் நழுவுகிறது, அதைப் பார்க்கலாம் என்று வந்தேன் என்றார். துடிக்கிறதா என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன். “அப்படியா? டாக்டர்தான் போன தடவை காட்டினார். நான் கவனிக்கவே இல்லை” என்றவர், மன்னார்குடி பஸ் கடைசியாக எத்தனை மணிக்கு என்று என்னை விசாரித்தார். எனக்குத் தெரியவில்லை. எழுந்து போய்க் கேட்டுவந்து சொன்னேன். என் இரண்டு மாத விசாரத்தில் நான் பிறருக்குச் செய்த காரியம் அது ஒன்றே. அவர் முன்னால் உட்கார்ந்திருக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தின் நடுவிலும் என் கட்டைவிரல் இடுக்கை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நிபுணர் பொறுமைசாலி. எம்பச் சொன்னார், குந்தி எழச் சொன்னார், தம் விரலை இறுகப் பற்றச் சொல்லி இழுத்துப் பார்த்தார், சுத்தியலால் முட்டியில் தட்டினார், வாய்க்குள் விளக்கடித்து நெடுநேரம் நாக்கைப் பார்த்தார். பிறகு மெல்லிய ஊசியைத் தசைக்குள் செலுத்தி அதன் மின்னோட்டத்தை ஒலியாக்கிக் கேட்கும் சோதனையும் நடந்தது. தளர்ந்திருந்த தசை மௌனமாக இருந்தது; காலை மடக்கியபோது ஓட்டின்மேல் அடைமழை கொட்டுவதுபோல ஒலிபெருக்கி இரைந்தது. இரண்டும் இருக்கவேண்டியபடியே இருக்கின்றன என்றார். ஒரு நரம்பணு கெண்டைக்காலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தசைநார்களை ஆளுகிறது. அது எப்போதாவது தானாக ஒருமுறை சுடர்ந்தால் அத்தனை நாரும் சேர்ந்து அசைகின்றன. தோலுக்கு மேலேயே தெரிகிறது. தூக்கமின்மையும் களைப்பும் கவலையும் அதை மிகுவிக்கும். அந்த நோயிலோ சதை செயலிழப்பதுதான் முக்கியம், வெறும் துடிப்பு அன்று என்று விளக்கினார். மருத்துவத் துறையைச் சேர்ந்த ஆரோக்கியமான மனிதர்களை 1963இல் இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் விசாரித்தபோது ஏறத்தாழ நூற்றுக்கு 70 பேர் தங்களுக்கும் துடிப்பதுண்டு என்றார்களாம். கெரிக்கின் நோயை 1939இல் கண்டுசொன்ன அதே மேயோ மருத்துவமனையில், துடிப்பைத்தவிர வேறொன்றுமில்லாத 121 பேரைக் குறைந்தது 2 ஆண்டும் மிகுந்தது 32 ஆண்டும் கவனித்து, ஒருவருக்கும் அந்நோய் வரவில்லை என்று 1993இல் எழுதியிருக்கிறார்களாம். “நானே படிக்கிற காலத்துல, இந்தப் பாடம் நடத்தின வாரத்திலேர்ந்து ஒரு மாசம் கட்டைவிரலைப் பார்த்துக்கிட்டு இருந்தேன் சார்” என்று கடைசியில் சொல்லிச் சிரித்தார். பிறகு, ஒரு நாளைக்கு எத்தனை காபி என்று கேட்டார்.

கும்பகோணத்துக்காரனிடம் கேட்கக்கூடாத கேள்வி. ஆறு என்றேன், உண்மையில் எட்டு. இரண்டாகக் குறைக்கச் சொன்னார்.

பஸ்ஸில் திரும்பும்போது, 121 பேரில் ஒருவருக்கும் வரவில்லை, சரி, 122ஆவது ஆள் நானாக இருந்தால் என்று மனம் கேட்டது. மோலியேர் என்ற பிரெஞ்சு நாடகாசிரியர், தனக்கு நோய் இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு வைத்தியர்களைத் துரத்தும் ஒருவனைப் பரிகசித்து நாடகம் எழுதி, அந்தக் கற்பனை நோயாளியின் வேஷத்தைத் தாமே கட்டி, 1673இல் அதன் நான்காம் காட்சி நடந்த இரவிலேயே மெய்யான நோயால் இறந்துபோனார் என்ற விருத்தாந்தமும் அப்போது பார்த்தா நினைவுக்கு வரவேண்டும்! கற்பனை நோயாளிக்கு மெய்நோய் வராது என்று எந்தச் சாஸ்திரமும் எழுதிக் கொடுக்கவில்லை. நான் வைத்தியரிடம் கேட்கப் போனது ஆரோக்கியத்தை அல்ல, அந்த எழுத்துமூலமான உறுதியை என்று பாபநாசம் தாண்டும்போது எனக்குத் தோன்றியது.

என் தொழிலிலே அப்படி ஓர் உறுதியை நான் யாருக்காவது கொடுத்திருக்கிறேனா? மூன்று மெய்ப்புப் பார்த்த பாரத்திலும் அச்சான பிறகு ஒரு கொம்பு விட்டுப்போயிருக்கும், ஒரு புள்ளி மாறி விழுந்திருக்கும். பிழையே இல்லை என்று எந்தப் பிழைதிருத்துபவனும் சொன்னதில்லை. பார்த்தவரையில் பிழை காணவில்லை என்ற மட்டில் ‘அச்சிடலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பாரத்தை எடுக்கிறோம். எடுக்காவிட்டால் புத்தகம் வெளிவராது. இருபத்தைந்து வருஷம் தாளின்மேல் பிழை தேடிப் பழகிய கண்ணைத் தாள் தீர்ந்ததும் உடம்பின்மேல் வைத்துவிட்டேன் போலும். அந்தக் கண்ணுக்கு வேலை கொடுக்க எந்த உடம்புதான் சளைக்கும்?

துடிப்பு அதன்பிறகு நின்றுவிட்டது என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். நிற்கவில்லை. குறைந்தது, சில வாரம் காணாமற்போகும், பஞ்சாங்க வேலை மும்முரமாகித் தூக்கம் கெட்டால் திரும்பி வரும். அடுத்த தை மாதத்துக்கு முன், வழக்கம்போலக் கடைசிப் பாரம் மேஜைக்கு வந்தது. ஈய எழுத்துகள் விடைபெற்று, கணினியில் எழுத்துக் கோக்கும் பெண் ஒருத்தி அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். உச்சி, நெற்றி, புருவம், இமை என்று விரல்வைத்துப் பார்த்துக்கொண்டு இறங்கி வந்தேன். மேஜைக்கடியில் வலது ஆடுசதை தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. இந்த முறை சிரிப்பு வரவில்லை. என்னதான் போட்டிருக்கிறார்கள், பார்த்துவிடுவோம் என்ற ஆவலே வந்தது. தொடை இருந்தது, முழங்கால் இருந்தது, அடுத்த வரியில் பாதம் இருந்தது. கெண்டைக்காலுக்குரிய வரியை அந்தப் பெண் விட்டுவிட்டாள்.

ஓரத்தில் விடுபாட்டுக் குறி இட்டு, மூலத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பையனை அனுப்பிவிட்டு, அன்றைய இரண்டாவது காபிக்கு எழுந்தேன்.