எந்தப் பதிப்பில்?

ஏற்காட்டில் நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கிக் கிளையில் பாஸ்புக் அச்சிடும் மென்பொருளுக்கு ஒரு வியாதி இருந்தது. பக்கம் திரும்பும் இடத்தில் ஒரு வரவை விழுங்கிவிடும். நாகலூர்ப் பக்கத்திலிருந்து வரும், காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிற ஒரு அம்மாளின் புத்தகத்தில் ஒரு வாரக் கூலி அப்படிக் காணாமல் போயிற்று. கணக்கில் பணம் இருந்தது, புத்தகத்தில் இல்லை. அவளுக்குப் புத்தகம்தான் கணக்கு.

புகார் எழுதினேன். அது தலைமை அலுவலகத்தின் பட்டியலில் ஏறி, அங்கிருந்து மென்பொருள் செய்தவர்களின் பட்டியலுக்குத் தானாக நகலாயிற்று. சில வாரங்களில் ‘தீர்ந்தது, 4.2’ என்று பதில். 4.2 வந்தது. அந்த அம்மாளை வரச்சொல்லி அச்சிட்டேன். மறுபடியும் ஒரு வரவு இல்லை.

விசாரித்ததில், திருத்தம் கடைசி நேரத்தில் 4.2இலிருந்து 4.3க்குத் தள்ளிப்போயிருந்தது. செய்தவர்களின் பட்டியலில் அது சரியாகவே பதிவாகியிருந்தது. இரு பட்டியல்களுக்கும் நடுவிலிருந்த இணைப்பு, பதிப்பு எண்ணை முதல் தடவை மட்டும் கொண்டுவந்தது; பிறகு ‘தீர்ந்தது’ என்ற சொல்லை மட்டும். பொய் சொன்னவர் யாருமில்லை.

இம்மாதிரிப் பட்டியல்கள் பல. 1998இல் மொசில்லா வெளியிட்ட பக்ஸில்லாவில் தவறு தென்பட்ட பதிப்பு ஒரு கட்டம், திருத்த உத்தேசித்த மைல்கல் வேறொரு கட்டம். 2002இல் வந்த ஜிராவில் பாதித்த பதிப்பு, திருத்தும் பதிப்பு என்று இரண்டு. ஒவ்வொரு பதிப்புக்கும் வெளியாகிவிட்டதா என்ற குறி தனி. ஒன்றின் உத்தேசத்தை மற்றொன்று நிகழ்வாக எழுதிக்கொண்டால் எங்களுக்கு நேர்ந்ததுதான் நேரும். பெயரை வைத்துப் பொருத்துவதும் உதவாது. 4.2ம் 4.2.0ம் இயந்திரத்துக்கு இரண்டு. எங்கள் கிளையிலேயே ஒரே மலை ஒரு படிவத்தில் ஷெவராய், இன்னொன்றில் சேர்வராயன்.

இலக்கியத்தில் இந்த அவஸ்தை பழையது. உ.வே.சா. சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தார். பிறகு 1907இலும் 1922இலும். ‘சிந்தாமணியில் இப்படி இருக்கிறது’ என்று ஒரு விமர்சகன் எழுதினால், எந்த ஆண்டுச் சிந்தாமணி என்று கேட்கத்தான் வேண்டும். ஆ. இரா. வேங்கடாசலபதி 2000இல் பதிப்பித்த புதுமைப்பித்தன் கதைகளில் முதல் வெளியீட்டு விவரமும் பாடவேறுபாடுகளும் இடம்பெற்றிருப்பது அலங்காரத்துக்காக அல்ல.

இரண்டு ஏடுகளை ஒத்துப்போகச் செய்வது நகலெடுப்பதல்ல. பதிப்பு எண்ணை எழுதும் உரிமை ஒரே ஏட்டுக்கு இருக்க வேண்டும். மற்றது அதை வாசித்துக்கொள்ளலாம். பெயர் மாறலாம், உள்ளிருக்கும் அடையாள எண் மாறக்கூடாது. அங்கே திருத்தம் இடம் மாறினால், இங்கே தீர்ந்த புகார் மறுபடி திறக்க வேண்டும். தினமும் சாயங்காலம் கணக்கை ஒத்துப் பார்க்கிற வங்கிக்காரனுக்கு இதில் புதிதாக எதுவுமில்லை.

4.3 வரும்வரை, விடுபட்ட வரவுகளைப் பேனாவால் எழுதி மேனேஜரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். அந்த அம்மாள் அதை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “எழுதிட்டீங்க, சரிங்க சார். உங்க பொட்டியிலயும் இதேதான் இருக்குதுங்களா?”

இருக்கிறது என்றேன். சொல்வதற்கு முன் திரையை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன்.