கோப்புகளுக்குள் ஒரு குற்றம்

துப்பறியும் கதைகள் வாசிப்பதை நாங்கள் நெடுங்காலம் வெளியில் சொல்லிக்கொண்டதில்லை. சிறுபத்திரிகைகளைக் கையில் ஏந்தித் திரிந்த நாட்களில் சுஜாதாவின் கணேஷும் வசந்தும் தலையணைக்கு அடியில்தான் இருந்தார்கள். அந்தக் கூச்சத்தைப் போக்கியவள் சிகாகோ நகரத்துப் பெண்ணொருத்தி: வி. ஐ. வார்ஷாவ்ஸ்கி.

சாரா பரெட்ஸ்கி 1982இல் வெளியிட்ட 'இண்டெம்னிட்டி ஒன்லி' நாவலில் அறிமுகமான தனியார் துப்பறிவாளர் அவள். தந்தை போலந்து வம்சாவளிக் காவலர். தாய் இத்தாலியிலிருந்து தப்பி வந்த பாடகி. தாய் விட்டுச்சென்ற சிவப்பு வெனிஸ் கண்ணாடிக் கோப்பைகளை மகள் உயிரைப்போலக் காக்கிறாள். அதுவரையிலான அமெரிக்கத் துப்பறியும் நாவல்களில் பெண் பெரும்பாலும் மயக்குபவளாகவோ மாண்டு கிடப்பவளாகவோ வந்துபோனாள். இவளோ கேள்வி கேட்கிறாள், அடிபடுகிறாள், மறுநாள் காலையில் மீண்டும் அதே கேள்வியோடு போய் நிற்கிறாள்.

எங்களுக்குள் அதிகம் பேசப்பட்டது 1988இல் வந்த 'பிளட் ஷாட்'. வார்ஷாவ்ஸ்கி தான் பிறந்து வளர்ந்த தெற்குச் சிகாகோவுக்குத் திரும்புகிறாள். எஃகு ஆலைகளை நம்பி வாழ்ந்த பகுதி அது. விஸ்கான்சின் ஸ்டீல் 1980இல் மூடப்பட்டது, யு.எஸ். ஸ்டீலின் சவுத் வொர்க்ஸ் ஆலையும் 1992இல் ஓய்ந்தது. நாவலில், பழைய பக்கத்து வீட்டுப் பெண் தன் தந்தை யாரெனக் கண்டறியச் சொல்கிறாள். அந்த எளிய தேடல் ஒரு இரசாயனத் தொழிற்சாலையில் போய் முட்டுகிறது. தொழிலாளர்களின் இரத்தத்தை ஆண்டுதோறும் பரிசோதித்த நிர்வாகம், முடிவுகளை அவர்களிடம் சொல்லவே இல்லை. பாதிப்பு தெரிந்திருந்தது, மருத்துவரின் குறிப்பேடுகளில் பதிவாகியும் இருந்தது. கொலைகூடப் பிறகுதான் வருகிறது. முதற்குற்றம் நடந்தது தாள்களில்.

பரெட்ஸ்கி சிகாகோவில் காப்பீட்டு நிறுவனமொன்றில் பணியாற்றியவர். மோசடிக்குக் கத்தியைவிடக் கோப்பு எவ்வளவு வசதியானது என்பதை உள்ளிருந்தே அறிந்தவரின் எழுத்து இது என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, எங்களில் மூத்த நண்பர் ஒருவர் மட்டும் மௌனமாக இருந்தார். அவர் ஓர் ஆலையின் கணக்குப் பிரிவில் முப்பதாண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

சற்றுப் பொறுத்துச் சொன்னார். சாயப் பிரிவில் வேலை செய்தவர்களின் மருத்துவச் செலவுக் கோரிக்கைகள் அவர் மேசைக்குத்தான் வரும். ஒரே பிரிவு, ஒரே விதமான தோல்நோய், ஒரே விதமான இருமல். 'பணியோடு தொடர்பற்றது' என்ற முத்திரை ஏற்கெனவே குத்தப்பட்டிருக்கும். இவர் கையெழுத்திட்டு அடுத்த மேசைக்கு அனுப்புவார். "நான் யாரையும் ஏமாற்றவில்லை. எண்களைச் சரிபார்த்தேன். எண்கள் எப்போதும் சரியாகவே இருந்தன" என்றார்.

எங்களில் யாருக்கும் உடனே பதில் சொல்லத் தோன்றவில்லை. நாங்களும் அலுவலகங்களில் கையெழுத்திடுபவர்கள்தாமே.

வார்ஷாவ்ஸ்கியின் கதைகளில் உண்மை வெளிப்பட்ட பின்னும் நகரம் திருந்திவிடுவதில்லை. நோயுற்றவர்கள் நலமடைவதில்லை, செல்வாக்குள்ளவர்கள் சிலர் தப்பித்தும் விடுகிறார்கள். நடந்தது இன்னதென்று பாதிக்கப்பட்டவர்களுக்குத் தெரியவருகிறது, அவ்வளவே. அதை முன்பு ஒரு குறையாகக் கருதியிருந்தோம்.

அன்று எங்களில் ஒருவர், "உங்களால் அப்போது என்ன செய்திருக்க முடியும்?" என்று ஆறுதலாகக் கேட்டார்.

"கேட்டிருக்கலாம்" என்றார் நண்பர்.

வார்ஷாவ்ஸ்கி ஒவ்வொரு நாவலிலும் முதலில் செய்வது அதைத்தான்.