691 சொல்லும் சாட்சி

கோரிமேடு,
ஞாயிறு மாலை.

அன்புள்ள கயல்,

வகுப்பில் சொன்னார்களென்று நீ ஃபோனில் ஆசையாகப் பேசிய பகா எண் பெரியதுதான். 2-இன் 13,62,79,841-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. 4 கோடியே 10 லட்சத்துக்கு மேல் இலக்கங்கள். ஆனால் என் மனசு 26 இலக்கமே உள்ள இன்னொன்றில் கிடக்கிறது.

80561663527802406257321747

நீ படிக்கிற கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜனின் வழியில் வந்த எண் இது. ஒரு முடிவில்லாப் பெருக்கலை 24-ஆம் அடுக்குக்கு உயர்த்தி விரித்தால் வரும் கெழுக்களை 1916-இல் அவர் வரிசைப்படுத்தினார்: 1, −24, 252, −1472, 4830, −6048... தாறுமாறாகத் தெரிகிறதா? இரண்டாவதையும் மூன்றாவதையும் பெருக்கு, ஆறாவது வரும். இரண்டாவதன் வர்க்கத்திலிருந்து 2-இன் 11-ஆம் அடுக்கைக் கழி, 576 − 2048, நாலாவது வரும். இதை மார்டெல் அடுத்த வருஷமே நிரூபித்துவிட்டார். கெழுக்கள் எவ்வளவு பெரிதாகலாம் என்று ராமானுஜன் ஊகித்ததற்கோ 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நிரூபித்த பியர் டெலின் அப்போது உன் பெரியப்பா இருக்கிற பாரிஸுக்குப் பக்கத்தில்தான் வேலை பார்த்தார்.

இந்த வரிசையில் பகா எண் எங்கே வரும்? ஒற்றைப்படை வர்க்கமான இடங்களில் மட்டுமே கெழு ஒற்றைப்படை. பெருக்கல் விதியும் சேர்வதால், பகா எண்களின் வர்க்கம், நாலாம் அடுக்கு போன்ற இடங்களில்தான் தேட வேண்டும். 9-ஆவது இடத்தில் −113643, மூன்றால் வகுபடும். 25-ஆவதில் −25499225, பார்த்தவுடன் தெரிகிறது. இப்படியே போய், 251-இன் வர்க்கமான 63,001-ஆவது இடத்தில்தான் முதல் பகா எண். கழித்தல் குறியை நீக்கினால் மேலே எழுதியது. 1965-இல் லெமர் வெளியிட்டார். ராமானுஜன் போய் 45 வருஷம் ஆகியிருந்தது.

அவர் காணாத அந்த எண்ணும் அவர் கண்ட விதிக்குக் கட்டுப்படுகிறது, கண்ணு. ஓர் எண்ணின் வகுஎண்களை 11-ஆம் அடுக்குக்கு உயர்த்திக் கூட்டு. அதிலிருந்து கெழுவைக் கழி. விடை எப்போதும் 691-ஆல் மீதியின்றி வகுபடும். 2-க்கு 2049, கெழு −24, வித்தியாசம் 2073, அதாவது மூன்று 691. அந்த 26 இலக்கத்துக்கும் காகிதத்தில் போட்டேன். மும்மூன்று இலக்கமாகப் பிரித்து, மீதியை 309-ஆல் பெருக்கி அடுத்த மூன்றைக் கூட்டிக்கொண்டே போனால் போதும்; 1000-ஐ 691-ஆல் வகுத்த மீதி 309. கடைசியில் 485 நின்றது. கழித்தல் குறி இருப்பதால் 691-இலிருந்து எடுத்தால் 206. வகுஎண் பக்கம் தனியாகப் போட்டதிலும் அதே 206. ஜிப்மர் வாசலில் திண்டிவனம் பஸ்கள் அடித்த ஹாரன்கூட என் காதில் விழவில்லை.

இந்தக் கெழுக்களில் எதுவும் பூஜ்யமாகாது என்று லெமர் 1947-இல் கருதினார். அதை இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை.

7-க்குக் கெழு −16744. 49-க்கு நீயே போட்டு, 691-ஐயும் சரிபார்த்து எழுது. தபாலில் அனுப்பு, உன் கையெழுத்தில் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா