சிவப்பு மசி

பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் கடல் கடந்து போனாலும் பரீட்சைத் தாளை மறந்துவிட்டுப் போக முடிவதில்லை. இது என் சொந்த அநுபவம்.

சென்ற கோடை விடுமுறையில், பிரான்சு தேசத்தின் கிழக்கு எல்லையில், அல்சாஸ் பிரதேசத்திலுள்ள கைசர்ஸ்பெர்க் என்னும் சிற்றூரைக் காணச் சென்றேன். கொல்மார் நகரத்தில் பஸ் ஏறினேன். வழி நெடுகத் திராட்சைத் தோட்டங்கள். ஊருக்கு மேலே குன்றின்மீது ஓர் இடிந்த கோட்டை. ஊருக்குள்ளே மரச்சட்டங்கள் வெளியே தெரியும் பழைய வீடுகள். வைஸ் ஆற்றின்மேல் 1514-ல் கட்டிய கற்பாலம். 1618-ஆம் ஆண்டுக் கிணறு ஒன்று, தண்ணீரைக் குடித்தால் வயிறு குளிர்ந்துவிடும், பழைய திராட்சை மதுவையே அளவாகக் குடிக்கவேண்டும் என்று தன்மேல் பொறித்த எழுத்தினால் உபதேசம் செய்கிறது! மதுவைத் தொட்டறியாத நான், கைப்பையிலிருந்த தண்ணீரை அதன் எதிரிலேயே குடித்துவிட்டு நடந்தேன்.

நான் போன காரியம் வேறு. ஆல்பர்ட் சுவைட்சர் 1875-ல் பிறந்த ஊர் அது. இந்தியச் சிந்தனையைப் பற்றி 1935-ல் அவர் வெளியிட்ட நூலில் திருக்குறளைப் போற்றியிருக்கிறார். அதை வகுப்பில் சொல்லி, பரீட்சையில், "அவர் எந்த நாட்டவர்?" என்று கேட்டிருந்தேன். "பிரெஞ்சுக்காரர்" என்று ஒரு சிறுமி எழுதினாள். அதைச் சிவப்பு மசியால் அடித்து, "ஜெர்மானியர்" என்று திருத்தினேன்.

அல்சாஸ் 1871-ல் ஜெர்மனியின் வசமாயிற்று. 1918-ல் பிரான்சிடம் திரும்பிற்று. 1940-ல் மறுபடி ஜெர்மனி. 1945-ல் மறுபடி பிரான்சு. வாசற்படியைத் தாண்டாத கிழவிகூட நான்கு தடவை தேசம் மாறியிருப்பாள். சுவைட்சரோ 1913-ல், ஆப்பிரிக்காவில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட காட்டுப் பிரதேசத்தில் ஆஸ்பத்திரி ஏற்படுத்தி, ஏழைகளுக்கு வைத்தியம் செய்தவர். அடுத்த ஆண்டே யுத்தம் மூண்டது. "ஜெர்மன் பிரஜை" என்று சொல்லி அவரைக் காவலில் வைத்தார்கள். 1917-ல் கைதியாகப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். யுத்தம் முடிந்த பிறகு அதே மனிதர் பிரெஞ்சுப் பிரஜை! பிற்பாடு 1952-ஆம் ஆண்டுக்குரிய சமாதான நோபல் பரிசும் அவருக்குக் கிடைத்தது.

அவர் பிறந்த வீட்டின் எதிரே நின்றபோது எனக்கு வெட்கமாயிருந்தது. "நீ எந்த நாட்டவன்?" என்று அன்று அதிகாரிகள் கேட்ட கேள்வியைத்தான் நானும் கேட்டிருக்கிறேன். அவரிடம் வந்த நோயாளிகள் அதைக் கேட்கவில்லை.

ஊர் திரும்பியதும் அந்தச் சிறுமியை அழைத்து, "அம்மா, உன் விடை சரிதான், பிசகு என்னுடையது" என்றேன்.

"அப்படியானால் மார்க்கு, ஸார்?" என்றாள்.

அதே சிவப்பு மசியால் போட்டுக் கொடுத்தேன்.